வாடகைக்கு இருப்பவரை நானே காலி செய்ய வைக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கு உதவும். சென்னைப் புறநகரில் அப்பா கட்டிய வீடு. அப்பா இப்போது இல்லை. மாடிப் போர்ஷனில் ஒரு குடும்பம் 2023 ஜூனிலிருந்து இருக்கிறது. மாத வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000. பதினோரு மாத ஒப்பந்தம் ஒன்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள், பதிவு செய்யவில்லை. ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. வக்கீலுக்குச் செலவு செய்யாமல் நானே காலி செய்ய வைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன் ஒரே நோட்டீசில் தன் பிளாட்டைக் காலி செய்துவிட்டாராம். "ஊருக்குப் போகும் நாள் பார்த்து பூட்டுப் போட்டுவிடு" என்கிறாராம் மாமா.

மாமா சொன்னதைச் செய்யாதீர்கள். அண்ணன் செய்ததில் பாதியை நீங்களும் செய்யலாம். நோட்டீஸ், கணக்கு, மனு, நேரில் ஆஜராவது என எல்லாவற்றையும் வீட்டு உரிமையாளர் தன் கையாலேயே செய்ய முடியும். பூட்டு, மின்சாரம், தண்ணீர், சாமான் ஆகிய நான்கின் மேல் மட்டும் கை வைக்கக் கூடாது.

நான் வக்கீல் இல்லை. செங்கல்பட்டு, தாம்பரம் பக்கத்து நீதிமன்றங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வக்கீல் குமாஸ்தா. வீட்டு வாடகை வழக்குக் கட்டுகளைத்தான் அதிகமாகத் தூக்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பூட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மூன்று போர்ஷன் வைத்திருந்த ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குடியிருந்தவர் எட்டு மாத பாக்கி. துக்கத்துக்காக அந்தக் குடும்பம் ஊருக்குப் போயிருந்தபோது, அவர்கள் பூட்டுக்கு மேலே தன் பூட்டு ஒன்றையும் போட்டுவிட்டார். குடியிருந்தவர் திரும்பி வந்து பார்த்தார், நேராக நீதிமன்றம் போனார். கதவைத் திறந்து பட்டியல் எடுக்க நீதிமன்றம் ஒரு அட்வகேட் கமிஷனரை, அதாவது நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீலை, நியமித்தது. பூட்டு விழுந்த பத்தொன்பதாம் நாள் கதவைத் திறந்தோம். பட்டியலை எழுதியது நான்தான். குண்டானில் அரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்து, தரையில் காய்ந்து, கறுத்துக் கிடந்தது. குளிர்பெட்டி அணைந்து உள்ளே எல்லாம் அழுகியிருந்தது. மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் அந்த வீட்டுப் பெண்ணின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட். அதைப் பட்டியலில் எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. பீரோவில் ஆறு பவுன் நகை இருந்தது, காணவில்லை என்றார் குடியிருந்தவர். இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பூட்டுப் போட்டவரால் "இல்லை" என்று காட்டவே முடியவில்லை. சாவி அவர் கையில் அல்லவா இருந்தது! பாக்கியைக் கேட்டு வாதியாக வந்திருக்க வேண்டிய மனிதர், பதில் சொல்லும் பிரதிவாதியாகிவிட்டார்.

இதற்குச் சட்டத்தில் இருக்கும் அடிப்படை ரொம்பப் பழையது. 1963-ம் ஆண்டின் குறித்த வகைத் தீர்வுச் சட்டம், பிரிவு 6. ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல், சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு சுவாதீனத்தை, அதாவது வீட்டைத் தன் கைவசம் வைத்திருக்கும் நிலையை, திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் "வீடு என்னுடையது" என்ற வாதம் எடுபடாது. யார் உரிமையாளர் என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை, யார் குடியிருந்தார், எப்படி வெளியே போனார் என்று மட்டுமே பார்க்கும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்துபோனவரைக்கூட நீதிமன்ற வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்று 1968-லும் 1989-லும் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குற்றவியல் பக்கமும் அப்படித்தான். அத்துமீறி நுழைதல் என்ற குற்றம் ஒருவருடைய சுவாதீனத்தை வைத்துத்தான் பார்க்கப்படுகிறது. அதனால் சொந்த வீட்டுக்குள் நுழைந்த உரிமையாளர் மேலேயே அந்த வழக்கு வரலாம்.

மோட்டார் சுவிட்சை அணைப்பது, மீட்டர் பியூஸைப் பிடுங்குவது எல்லாமும் இந்தக் கணக்கில்தான் சேரும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிப்ட், கழிவு அகற்றுதல் போன்றவை அத்தியாவசிய சேவைகள். பாக்கி எவ்வளவு இருந்தாலும் அவற்றை நிறுத்த முடியாது. நிறுத்தினால் குடியிருப்பவர் அந்தச் சட்டத்துக்கென்று நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் போய் இடைக்கால உத்தரவு வாங்கலாம். மின்சாரம் அடிப்படைத் தேவை, வீட்டு உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு அதை மறுக்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்து, ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பேசிக் காலி செய்ய வைப்பது என்று ஒரு வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. காலி செய்ய வைக்கும் அதிகாரம் காவல் துறைக்குக் கிடையாது. இது சிவில் விவகாரம். இன்றைக்கு உங்களுக்காக மிரட்டும் ஆள் நாளைக்கு உங்களிடமே பங்கு கேட்டு நிற்பார், அந்தக் கட்டப் பஞ்சாயத்துப் பக்கமே போகாதீர்கள்.

சரி, அண்ணனுக்கு எப்படி முடிந்தது?

இடத்துக்கு இடம் சட்டம் வேறு. சொத்து மாற்றுச் சட்டம் 1882 என்று ஒன்று நாடு முழுவதற்கும் பொது. அதன் 106-ம் பிரிவின்படி மாத வாடகை என்றால் 15 நாள் நோட்டீஸ் போதும், காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆனால் வாடகைக் கட்டுப்பாடு மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் அந்தப் பொதுச் சட்டத்தின் மேல் தன் சட்டத்தைப் போட்டு மூடியிருக்கிறது. எங்கே மூடியிருக்கிறது, எங்கே ஓட்டை விட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம்.

கர்நாடகத்தின் 1999-ம் ஆண்டு வாடகைச் சட்டம், பெங்களூரு போன்ற பெரிய ஊர்களில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்குப் பொருந்தாது. இன்று பெங்களூரில் 3,500-க்கு எந்த பிளாட் கிடைக்கிறது? அதனால் அண்ணனுடைய வீடு நேராக 1882 சட்டத்துக்குள் வந்துவிட்டது. 15 நாள் நோட்டீஸ், அத்தோடு வாடகை உறவு முடிந்தது. டெல்லியிலும் அதே 3,500 ரூபாய் எல்லை இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் வேறு வழி. அங்கே பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசன்ஸ்' என்று எழுதுகிறார்கள். குடியிருப்பவருக்கு வாடகைதாரர் என்ற தகுதியே வராது, உபயோகிக்க அனுமதி மட்டும்தான். காலம் முடிந்தும் போகாவிட்டால் அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் மனு செய்து வெளியேற்றலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது அங்கே உரிமையாளரின் பொறுப்பு. கேரளத்தில் இன்னும் 1965 சட்டம். நீங்கள் கடையைச் சொந்தத் தேவைக்குக் கேட்டாலும், குடியிருப்பவர் அந்தக் கடை வருமானத்தை நம்பித்தான் பிழைக்கிறார், அந்த வட்டாரத்தில் வேறு பொருத்தமான இடமும் இல்லை என்று அவர் காட்டிவிட்டால் கிடைக்காது. நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் 1969-ல் வந்த தனிச் சட்டம். கோட்டக்குப்பத்தில் ஒரு வீடும் முத்தியால்பேட்டையில் ஒரு வீடும் வைத்திருப்பவர், நடந்து போகும் தூரத்தில் இரண்டு சட்டம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணனின் நோட்டீஸ் வேலை செய்ததற்குச் சட்டம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், அந்தக் குடியிருப்பவர் நோட்டீசைப் பார்த்து மரியாதையாகக் கிளம்பிவிட்டார். "போக மாட்டேன்" என்று உட்கார்ந்திருந்தால் அண்ணனும் பெங்களூரு நீதிமன்றப் படியைத்தான் ஏறியிருக்க வேண்டும். எந்த மாநிலத்திலும் நோட்டீஸ் ஆளை வெளியேற்றாது. வழக்குப் போடும் தகுதியை உங்களுக்குத் தரும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வீடு. முதலில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். யாருக்கு வரி கட்டுகிறீர்கள்? மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் தமிழ்நாட்டின் புதிய சட்டம், அதாவது சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017. 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது, 1960-ன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. கிராம ஊராட்சிக்கு வரி கட்டுகிறீர்கள் என்றால் இந்தச் சட்டம் உங்களைத் தொடாது, 1882 சட்டம்தான். சென்னைப் புறநகரில் இது சின்ன விஷயமே இல்லை. ஒரே சாலையில் இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருக்கும். 2011-ல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது மட்டும் 25 கிராம ஊராட்சிகள் உள்ளே வந்தன. அதற்குப் பிறகும் ஊராட்சிகள் நகர எல்லைக்குள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வீடு கட்டும்போது ஊராட்சியாக இருந்தது என்று ஞாபகத்தில் பேசாதீர்கள், இந்த வருட ரசீதைப் பாருங்கள்.

கிராம ஊராட்சி என்றால் வேலை எளிது. 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வாடகை உறவை முடிப்பதாக எழுத வேண்டும். கெடு முடிந்ததும் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கு. பலர் பயப்படுவதுபோல நீதிமன்றக் கட்டணம் வீட்டின் சந்தை மதிப்பில் கணக்கிடப்படாது. வாடகைதாரர் மேல் போடும் காலி வழக்குக்கு ஒரு வருட வாடகைதான் அடிப்படை. உங்கள் வீட்டுக்கு 1,44,000 ரூபாயின் மேல்தான் கட்டணம் வரும்.

நகர்ப்புறம் என்றால் காரணம் வேண்டும். சட்டம் சில காரணங்களை வரிசைப்படுத்தியிருக்கிறது: இரண்டு மாத வாடகை பாக்கி, உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வேறு ஆளுக்கு உள்வாடகை விட்டது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, இடித்துக் கட்ட வேண்டிய தேவை, சொந்தக் குடும்பத் தேவை, இப்படி. உங்களுக்குப் பாக்கி என்ற காரணமே போதும். ஆனால் அதிலும் ஒரு படி இருக்கிறது. பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தில் காலி செய்ய வைக்க முடியாது. இது சட்டம் அவருக்குத் தரும் வாய்ப்பு. அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். ஒரு மாதத்தில் 60,000 கைக்கு வந்தால் உங்கள் பிரச்சினையில் பெரிய பங்கு தீர்ந்துபோகிறது அல்லவா?

ஐந்து மாதம் வரை ஏன் விட்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். "அட்வான்ஸ் இருக்கிறதே, கழித்துக்கொள்ளலாம்" என்று. கழிந்து முடிந்த அன்றுதான் கண் விழிக்கிறது. இரண்டாவது மாதம் தவறியதுமே நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அட்வான்ஸ் முழுசாக உங்கள் கையில் பிடிமானமாக இருந்திருக்கும். இப்போது 60,000 பாக்கிக்கு 50,000 அட்வான்ஸ். மின் கட்டணத்தைச் சேர்த்தால் நீங்கள் இன்னும் கீழே.

நோட்டீசுக்கு வக்கீல் வேண்டியதில்லை. எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், சட்டம் கேட்பது அவ்வளவுதான். கோபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இப்படி எழுதுங்கள்:

"மேற்படி முகவரியில் தாங்கள் குடியிருக்கும் மாடிப் பகுதிக்கு மாத வாடகை ரூ.12,000. கடந்த ஐந்து மாதங்களுக்கான வாடகை ரூ.60,000 இன்றுவரை செலுத்தப்படவில்லை. இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், வீட்டின் சுவாதீனத்தைத் திரும்பப் பெறவும் பாக்கியை வசூலிக்கவும் உரிய நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுப்பேன்."

எந்தெந்த மாதம் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் "நமக்குள் உள்ள மாத வாடகை உறவை முடித்துக்கொள்கிறேன், அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாள் முடிவதற்குள் காலி செய்து சுவாதீனத்தை ஒப்படைக்கவும்" என்ற வரியும் கட்டாயம். "ஏமாற்றுப் பேர்வழி", "குடும்பத்தோடு தெருவில் நிறுத்துவேன்" போன்ற வார்த்தைகள் வேண்டாம். நோட்டீஸ் பின்னால் நீதிபதி கையில் போய் உட்காரும் காகிதம். எழுதும்போதே அவர் படிப்பதாக நினைத்து எழுதுங்கள்.

ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அவர் வாங்க மறுத்து, "மறுத்துவிட்டார்" என்று எழுதித் தபால் திரும்பி வந்தால் கவலைப்பட வேண்டாம். சரியான முகவரிக்கு அனுப்பியது சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். ஆர்வத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. தபால்காரர் எழுத்தோடு மூடிய உறைதான் நல்ல சாட்சி.

நோட்டீஸ் போன பிறகு அவர் 5,000, 10,000 என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போடுவார். வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் எந்த மாத பாக்கிக்கு வரவு வைத்தீர்கள் என்று எழுதி அவருக்கு அனுப்ப வேண்டும், "இதனால் நோட்டீசை நான் விட்டுக்கொடுத்ததாகாது" என்றும் சேர்க்க வேண்டும். 1882 சட்டத்தில், நோட்டீஸ் கெடு முடிந்த பிறகு ஓடும் மாதத்துக்கு வாடகையாக வாங்கினால், நோட்டீசையே கைவிட்டதாக வாதாட இடம் இருக்கிறது. நல்ல வழக்குகள் இந்த ஒரு ரசீதில் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, யார் கையெழுத்துப் போடுவது? அப்பா இல்லாததால் வீடு இப்போது வாரிசுகள் எல்லோருக்கும் பொது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவரே காலி வழக்குப் போடலாம், மற்றவர்கள் எதிர்க்காத வரை தடையில்லை. உச்ச நீதிமன்றம் இதை 1976-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அம்மா, அண்ணன், தங்கை எல்லோரிடமும் சம்மதக் கடிதம் வாங்கி வாரிசுச் சான்றிதழோடு வையுங்கள். குடியிருப்பவர் தங்கையிடம் போய் "அண்ணன்தான் பணத்தைத் தனியாக எடுத்துக்கொள்கிறார்" என்று ஆரம்பித்தால், வாடகை வழக்கு பாகவழக்காக, அதாவது சொத்தைப் பங்கு பிரிக்கும் வழக்காக, மாறிவிடும்.

உங்கள் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இங்கேதான் கால் வழுக்கும். பதினோரு மாதம் என்று எழுதும் பழக்கம், ஒரு வருடத்துக்கு மேல் போனால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால் வந்தது. 2019-க்குப் பிறகு நகர்ப்புறத் தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு உதவாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். இணையத்திலேயே பதிவு செய்யலாம், பதிவு எண் ஒன்று தருவார்கள். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இருவரும் சேர்ந்து மனு செய்யாவிட்டால் தனித்தனியாக விவரம் கொடுக்கவும் வழி இருக்கிறது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதில் சட்டம் கடுமையாக இருக்கிறது. உங்களுடையது 2019-க்குப் பின் எழுதியது, பதிவில்லை. ஆகவே இந்தச் சட்டத்துக்கென்று இருக்கும் வாடகை நீதிமன்றத்துக்குப் போவதா, சாதாரண சிவில் நீதிமன்றத்துக்குப் போவதா என்ற கேள்வி உங்கள் வழக்கில் உண்மையாகவே எழும். இந்த ஒரு இடத்துக்கு மட்டும், வாடகை வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டி ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணம் கொடுங்கள். தவறான வாசலில் மனு போட்டு, ஒரு வருடம் கழித்து "இங்கே செல்லாது" என்று கையில் திருப்பி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற வேலைகளை நீங்களே செய்வதால் மிஞ்சும் பணத்தில் இது சின்னத் தொகை.

அட்வான்ஸ் பற்றி ஒரு வரி. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைதான் எல்லை என்கிறது 2017 சட்டம். உங்களுக்கு அது 36,000. 50,000 வாங்கியது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், அவர் தரப்பு கேட்கும்.

லீசுக்கு விட்டவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். மொத்தமாக நாலைந்து லட்சம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடும் ஒத்தி, போகியம் எல்லாம் வேறு கதை. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் காலி செய்யச் சொல்லவே முடியும். மேலே சொன்னதை அதற்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

மனு போடும்போது வேண்டியவை: வரி ரசீது, வீட்டுப் பத்திர நகல், வாரிசுச் சான்றிதழ், ஒப்பந்தம், நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஒப்புகை அல்லது திரும்பி வந்த உறை, வாடகை வந்து நின்ற மாதங்களைக் காட்டும் வங்கிப் பட்டியல். கடைசியாகச் சொன்னதுதான் உயிர். ரொக்கமாக வாங்கி நோட்டுப் புத்தகத்தில் எழுதியவர்கள் நிரூபிக்கத் திணறுவார்கள். ஜி-பே, வங்கி வழியாக வாங்கியிருந்தால் ஐந்து மாத வெற்றிடம் தானாகவே தெரியும். பாக்கி வாடகையை மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உங்கள் வழக்கை நீங்களே பேசலாம், தடையில்லை. அழைக்கும்போது எழுந்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். நீதிபதிகள் நேரில் வரும் கட்சிக்காரர்களிடம் பெரும்பாலும் பொறுமையாகவே நடந்துகொள்வார்கள். ஆனால் எதிர்த்தரப்பு "நான் வாடகைதாரரே இல்லை, வீட்டை விலைக்குப் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன்" என்று கிளம்பினால் அன்றே வக்கீல் வையுங்கள். குறுக்கு விசாரணை நாமே கற்றுக்கொண்டு செய்யும் வேலை இல்லை.

"பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே" என்ற பயம் உங்களுக்கும் இருக்கலாம். வாடகைக்கு வந்தவர், வாடகைதாரராக இருக்கும் வரை எத்தனை வருடம் இருந்தாலும் உரிமையாளர் ஆக முடியாது. உங்கள் அனுமதியில் உள்ளே வந்தவர் உங்கள் உரிமையையே மறுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. இந்தப் பயத்தில்தான் பலர் அவசரப்பட்டுப் பூட்டைத் தூக்குகிறார்கள்.

மனுவுக்கு முன்பாக ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். இதை இரக்கத்தால் மட்டும் சொல்லவில்லை, கணக்கும் இதையே சொல்கிறது. வாடகை வழக்குகளைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றுதான் புதிய சட்டம் எழுதப்பட்டது. நடைமுறையில் வாய்தா, மேல்முறையீடு என்று இழுத்தடிப்பு இன்னும் இருக்கிறது. ஆறு மாதம் இழுத்தால் 72,000. "பாக்கியில் அட்வான்ஸ் போக மீதி 10,000-ஐ விட்டுவிடுகிறேன், வண்டி வாடகைக்கு 8,000 தருகிறேன், வருகிற 30-ம் தேதி சாவி" என்றால் உங்களுக்குக் கை நட்டம் 18,000-தான். குடியிருப்பவருக்கு வேலை போயிருக்கலாம், வீட்டில் நோயாளி இருக்கலாம். ஐந்து மாதம் வாடகை தராதவர்களில் பாதிப் பேர் வெட்கத்தால் போனை எடுப்பதில்லை, அவ்வளவுதான். நான் பார்த்த குடும்பங்களில் பல, அடுத்த வீட்டுக்குக் கொடுக்க அட்வான்ஸ் இல்லாததால்தான் உட்கார்ந்திருந்தன. பேசி முடித்தால் அதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வழக்கு ஏற்கெனவே போட்டிருந்தால் அதே உடன்பாட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக வாங்கிவிடுங்கள். அப்போது சொன்ன தேதியில் போகாவிட்டால் புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை, நேரே நிறைவேற்று மனுதான், அதாவது வந்த உத்தரவைச் செயல்படுத்தித் தரக் கேட்கும் மனு.

எதுவும் நடக்கவில்லை, உத்தரவு வந்தும் அவர் போகவில்லை என்றால், பூட்டை உடைக்கும் நாள் ஒன்று சட்டப்படியே வரும். நிறைவேற்று மனுவில் உத்தரவு வாங்கினால் உத்தரவை நேரில் நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா வருவார், தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்போடு. பூட்டியிருந்தால் அவர் முன்னிலையில் ஆசாரி பூட்டைத் திறப்பார், சாமான்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலாகும், அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். மாமா சொன்ன அதே பூட்டுதான், ஆனால் அன்றைக்கு உங்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

பேசி முடிந்து அவரே சாவி தரும் நாளில் செய்ய வேண்டியது இது. எல்லா அறைகளையும் அவரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்துக் காணொளி எடுங்கள். மின் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, அன்றுவரையான கட்டணத்தைக் கணக்கிடுங்கள். ஒரு தாளில் "இன்று காலி செய்து சுவாதீனத்தையும் இரண்டு சாவிகளையும் ஒப்படைத்தேன், உள்ளே என் பொருள் எதுவும் இல்லை, அட்வான்ஸ் கணக்கு நேராகிவிட்டது" என்று தேதி, நேரத்தோடு அவர் எழுதி, அவரும் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகலில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அவருக்கும் ஒன்று கொடுங்கள். அதற்குப் பிறகு பூட்டை மாற்றுங்கள்.